டீசல் புல்லட்டும் தொலைந்துபோன இரண்டு தகடுகளும்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு. அதில் இருந்த சாளையில், உரமூட்டைகளுக்கும் உடைந்த மருந்து தெளிக்கும் டேங்குக்கும் நடுவே அது நின்றிருந்தது. மேலே போட்டிருந்த சாக்கை விலக்கியதும் சாதாரண புல்லட் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. பிளக் இல்லை, பிளக் வயரும் இல்லை. இன்ஜின் ஹெட்டின் மேல், எண்ணெய் பீய்ச்சும் ஒரு நாசில் உட்கார்ந்திருந்தது, அதற்குச் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு இரும்புக் குழாய் போனது.

"டீசல் வண்டிங்க தம்பி. பதினாலு வருசமாச்சு ஓட்டி. ஒருநாள் கிக்கர் திருப்பி அடிச்சு கால் எலும்பு விரிசல் விட்டுப்போச்சுங்க. அன்னைக்கு நிறுத்துனதுதான்" என்றார் தோப்புக்காரர். எழுபது தாண்டியவர். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார், ஆனால் அது அந்த அடியால் அல்ல, அடிபட்டது வலது கால் என்று அவரே திருத்தினார்.

நான் அங்கே போனது வேறு வேலையாக. பழைய வண்டி பிடிக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஜாவாவும் ஒரு லாம்பி ஸ்கூட்டரும் நிற்கின்றன. மூன்றாவதுக்கு இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போ எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னை திருவொற்றியூரில் 1950களில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. 350 பெட்ரோல் புல்லட் எல்லோருக்கும் தெரியும். 1990களில் அதே சட்டத்தில், அதே நான்கு கியர் பெட்டியோடு, பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு 325 சி.சி. டீசல் இன்ஜினைப் பொருத்தி விற்றார்கள். என்ஃபீல்டு டீசல் என்றும் டாரஸ் என்றும் பெயர். இன்ஜின் கிரீவ்ஸ் லம்பார்டினி. லம்பார்டினி இத்தாலிக்காரர்கள், இங்கே கிரீவ்ஸ் கம்பெனி செய்தது. தூக்கிக்கொண்டு போகிற பம்புசெட், சின்ன ஜெனரேட்டர் மாதிரி வேலைகளுக்காகச் செய்த இன்ஜின் அது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 68 மி.மீ. சக்தி வெறும் ஆறரை குதிரை. பெட்ரோல் புல்லட்டுக்கே பதினெட்டு உண்டு என்று வைத்துப் பாருங்கள். வண்டி எடையோ 196 கிலோ. முழுக்கத் திருகினாலும் 65 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. ஆனால் அன்று டீசல் விலை பெட்ரோலில் ஏறக்குறைய பாதி, வண்டி லிட்டருக்கு 70 கி.மீ.க்குக் குறையாமல் கொடுத்தது. பால்காரர், காய்கறி வியாபாரி, தோப்புக்காரர் எல்லாம் வாங்கினார்கள். 2000ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் தயாரிப்பு நின்றுபோனது.

சேகரிப்பாளர்களிடம் இதற்கு மரியாதை கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பி.எஸ்.ஏ. எம்20, ட்ரையம்ப் என்று பழைய பிரிட்டிஷ் பைக்குகளை வரிசையாக நிறுத்தி, தினமும் துடைத்து வைத்திருக்கிறார். டீசல் புல்லட் கிடைத்திருக்கிறது என்றதும், "அதுல பெட்ரோல் இன்ஜின் தூக்கி வெச்சு வித்துருங்க" என்றார். பெரும்பாலான டீசல் புல்லட்டுகளுக்கு இந்த முடிவுதான் வந்தது. சட்டம் புல்லட் சட்டம்தானே, 350 இன்ஜின் அதில் உட்கார்ந்துகொள்ளும். ஒழுங்காக இன்னும் டீசலாகவே இருப்பது கண்ணில் படுவது குறைவு. எனக்கு எம்20ஐவிட இதுதான் ஆச்சரியம். இரண்டாம் உலகப் போரின்போது எம்20ஐ ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தார்கள். டீசலில் ஒரு பைக்கை ஷோரூமில் வைத்து விற்ற துணிச்சல் உலகத்தில் எத்தனை பேருக்கு இருந்தது?

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் பிரச்சினை, கிக்கர் இறங்கவே இல்லை. அமுக்கத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து மிதித்தாலும் கல் மாதிரி நின்றது. பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுவார்கள், மரக்கட்டையும் சுத்தியலும் கையில் வந்துவிடும். பிஸ்டன் அலுமினியம், அடித்தால் உடைகிறது அல்லது ரிங் நொறுங்குகிறது. நான் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். தினமும் மாலை கொஞ்சம். வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பார்ப்பேன். கிக்கரைவிடச் சக்கரத்தில் ஆட்டுவது நல்லது, கைக்கு உணர்வு தெரியும். ஐந்தாம் நாள் விரல் நுனி அளவு அசைந்தது. ஏழாம் நாள் சுற்றியது. ஓட்டையின் மேல் துணி வைத்துச் சுற்றவும், இல்லாவிட்டால் உள்ளே நிற்கும் ஆயில் முழுக்க முகத்துக்கு வரும். எனக்குச் சட்டைக்கு வந்தது.

சுற்றியதே தவிர அமுக்கம் இல்லை. டீசலில் பிளக் கிடையாது. காற்றை பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கினால் அது டீசலைப் பற்றவைக்கிற சூட்டுக்குப் போகும், அவ்வளவுதான் ரகசியம். அமுக்கம் போனால் எல்லாம் போனது. ஆகவே இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

ஊரில் புல்லட் பார்க்கிறவர்கள் மூன்று பேர். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பெட்ரோல் இன்ஜின் யோசனையையே சொன்னார். மூன்றாமவர், "இதுக்கு ஆயில் இன்ஜின் ஆளுதான் சரிப்படும்" என்றார். அது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின்தான் ஓடியது. இது அதன் பேரப்பிள்ளை. இரண்டு சக்கரம் மாட்டிவிட்டதால் நான் அதை பைக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்த ஆயில் இன்ஜின் அண்ணன் கடையில் பெயர்ப்பலகைகூட இல்லை. கரண்ட் மோட்டார் வந்தபிறகு வேலை குறைந்து, இப்போது ஜெனரேட்டர், மருந்தடிக்கும் மெஷின், கான்கிரீட் வைப்ரேட்டர் என்று பார்க்கிறார். வண்டியைக் கண்டதும் உட்கார்ந்து பார்த்தார். பம்பைத் தொட்டார், நாசிலைத் தொட்டார். "இதுல எனக்குத் தெரியாதது டயர் மட்டும்தான்" என்றார்.

ஹெட்டைத் தூக்கினோம். சிலிண்டர் சுவரில் ரிங் நின்ற இடத்தில் துரு வளையம், நகத்தால் வருடினால் தட்டியது. ஹோனிங்கோடு, அதாவது மேலாகத் தேய்ப்பதோடு, போகாது. போரிங் போட்டு, அதாவது உள்ளே கடைந்து அகலமாக்கி, 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். லேத்துக்காரரிடம் பிஸ்டனைக் கொடுத்து அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் கடையச் சொல்ல வேண்டும். முதலில் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தப்பு. பிஸ்டன் கிடைத்த கதையும் வேடிக்கை. நான் கோயம்புத்தூரில் மூன்று கடைகளில் "டீசல் புல்லட் பிஸ்டன்" என்று கேட்டு மூன்றிலும் இல்லை என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன். "பைக்குன்னு ஏன் சொல்றீங்க? கிரீவ்ஸ் 325ன்னு கேளுங்க" என்றார். அதே மூன்று கடைகளில் முதல் கடையில் அப்படிக் கேட்டேன். பையன் உள்ளே போய்ப் பிஸ்டன், ரிங் செட், கேஸ்கட் செட் எல்லாம் ஒரே பெட்டியில் கொண்டுவந்து வைத்தான்.

வால்வுகளை மசாலா (தேய்க்கும் பசை) போட்டுத் தேய்த்து உட்கார வைத்தோம். உறிஞ்சுகோப்பை ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மத்து கடைவது போல உருட்டும் வேலை. முடிந்ததும் போர்ட்டில் (காற்றும் புகையும் போகும் வழி) டீசல் ஊற்றி வைத்து, மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு இரண்டு முறை கசிந்து மூன்றாம் முறை நின்றது.

ஹெட்டை மூடும்முன் ஈயக்கம்பிச் சோதனை. பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி டீசலில் மிக முக்கியம், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கூடினால் அமுக்கம் குறைந்து ஸ்டார்ட் ஆகாது, குறைந்தால் பிஸ்டன் போய் ஹெட்டில் முட்டும். பிஸ்டன் மேல் கொஞ்சம் கிரீஸ் வைத்து மெல்லிய ஈயக்கம்பித் துண்டுகளை ஒட்டி, ஹெட்டை முறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பக் கழற்றினால் கம்பி நசுங்கி இருக்கும். நசுங்கிய கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். சிலிண்டருக்கு அடியில் போடும் கேஸ்கட்டின் கனத்தை மாற்றி அதைச் சரிசெய்கிறார்கள். இரண்டு முறை மாற்றினோம்.

அப்புறம் நாசிலும் பம்பும். இதை நம் கடையில் செய்ய முடியாது. கோயம்புத்தூரில் டீசல் பம்பு கேலிப்ரேஷன் கடைக்குக் கொண்டுபோனேன். நாசிலைக் கையால் அடிக்கும் சோதனைக் கருவியில் மாட்டி லீவரை அமுக்கினார்கள். நல்ல நாசில் 'கீர்ர்' என்று ஒரு சத்தத்தோடு பனி மாதிரி தெளிக்க வேண்டும். என்னுடையது குழந்தை சிறுநீர் கழிப்பது போல ஒரு கோடாக ஊற்றியது. ஊசியும் உடலும் ஜோடியாகச் சாணை பிடித்தவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. புது நாசில் போட்டு, ஸ்பிரிங்குக்கு மேல் தகடு வைத்து அழுத்தத்தைச் சரிசெய்து கொடுத்தார்கள். தெளிக்கும்போது நான் கையை அருகில் கொண்டுபோனேன். கடைக்காரர் கையைத் தட்டிவிட்டார். சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் வரும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டிவரும் என்றார். இதை வீட்டில் செய்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

பம்பு டெஸ்ட் ஆக மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். நேரம் போக அவினாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியத்துக்குப் போய்விட்டு வந்தேன். அங்கே நிற்கிற வண்டிகளைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. ஆனால் ஜி.டி. நாயுடு கதை ஞாபகம் வந்தது. சிறுவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோயம்புத்தூர் ஓட்டலில் சர்வராக வேலைசெய்து 300 ரூபாய் சேர்த்து அதை வாங்கினாராம். வாங்கியதும் ஓட்டினாரோ இல்லையோ, பிரித்துப் போட்டார். பிற்பாடு 1937இல் இந்த ஊரில் மின்மோட்டார் செய்யத் தொடங்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. மோட்டார் வந்ததால்தான் ஆயில் இன்ஜின் கிணற்று மேட்டைவிட்டு இறங்கியது, எங்கள் அண்ணனுக்கு வேலை குறைந்தது. நான் டீசல் பம்பு ரெடியாகக் காத்திருந்த நேரத்தில் இதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பம்பைத் திரும்பப் பூட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

பெட்ரோல் வண்டியில் தீப்பொறி விழும் நேரத்தைப் பாயின்டில் வைக்கிறோம். டீசலில் எண்ணெய் பீய்ச்சும் நேரம்தான் அந்த நேரம். இந்த இன்ஜினில் பம்பு கிராங்க்கேஸில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே கேம் சுற்றி அதன் அடியைத் தூக்குகிறது. பம்புக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும், ஷிம் என்பார்கள். தகட்டை எடுத்தால் பம்பு கேமுக்குக் கிட்டே இறங்கும், கேம் அதைச் சீக்கிரம் தொடும், டீசல் சீக்கிரம் பீய்ச்சும். தகட்டைச் சேர்த்தால் தாமதம். 0.1 மி.மீ. தகடு ஏறக்குறைய ஒரு டிகிரிக்கு வரும்.

நாங்கள் பிரிக்கும்போது அங்கே ஒரே ஒரு தகடும், கை நிறைய அப்பிய சிவப்புப் பசையும்தான் இருந்தன. யாரோ ஒருமுறை ஆயில் கசிவுக்காகப் பம்பைக் கழற்றியிருக்கிறார்கள். மாட்டும்போது தகடு தொலைந்திருக்கிறது, அந்த இடத்தைப் பசையால் அடைத்திருக்கிறார்கள். அண்ணன் அந்தப் பசையைத் திருப்புளியால் சுரண்டிக்கொண்டே, "தகடு தொலைஞ்சா நேரம் தொலைஞ்சுது" என்றார். அப்புறம் தலைநிமிர்ந்து, "அந்தப் பெரியவர் கால் எப்படி அடிபட்டுச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

நேரம் சரிபார்க்கும் முறை அழகானது, மெஷின் எதுவும் வேண்டாம். பம்பின் மேலே நாசில் குழாய் மாட்டும் இடத்தைத் திறந்து வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, இன்ஜினைக் கையால் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். திறந்த வாயில் டீசல் ஒரு சின்னக் குமிழ் மாதிரி நிற்கும். பம்பின் உள்தண்டான பிளஞ்சர் டீசலைத் தள்ளத் தொடங்கும் அந்த நொடியில் குமிழ் லேசாகத் துடிக்கும். அதுதான் பீய்ச்சும் நேரம். அந்த இடத்தில் நிறுத்தி, பிஸ்டன் மேல்முனைக்கு எத்தனை டிகிரி முன்னால் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பாகைமானியை அட்டையில் ஒட்டி கிராங்க் முனையில் மாட்டிக்கொண்டோம். அண்ணன் தன் டைரியில் இந்த இன்ஜினுக்கு எழுதிவைத்திருந்த அளவைவிட நாலு டிகிரி முன்னால் காட்டியது. ஏழு முறை சுற்றினோம், ஏழு முறையும் நாலுக்கு அக்கம்பக்கம்.

இரண்டு தகடுகள், ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. அவை இல்லாததால் டீசல் சீக்கிரம் பீய்ச்சியது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் உள்ளே வெடித்தது. இன்ஜின் வேகமாக ஓடும்போது அது வெறும் சத்தமாக, கடகட என்று தெரியும். கிக்கரில் மெதுவாகச் சுற்றும்போது வெடிப்பு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும், கிக்கர் காலைத் தேடி வரும்.

புதுத் தகடு போட்டு, துடிப்பு சரியான இடத்துக்கு வந்ததும் எல்லாவற்றையும் மூடினோம். டேங்கை நான் தனியாக வீட்டில் பார்த்தேன். அடியில் கறுப்பு அல்வா மாதிரி ஒன்று, டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே நுண்ணுயிர் வளர்ந்து இப்படி ஆகும். ஒரு கிலோ பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். கை நான்கு நாள் வலித்தது. வெளியே மெரூன் பெயின்ட், மூடிக்கும் சேர்த்து. மூடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்டார்ட் ஒரு சனிக்கிழமை மாலை. ஆயில் இன்ஜினுக்கு என்ன முறையோ அதே முறை. டீகம்ப்ரஷனைத் தூக்கி நாலைந்து முறை கிக்கரை இறக்கினால் நாசில் 'கிறீச் கிறீச்' என்று பேசும். பேசினால் டீசல் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அமுக்கத்தைத் தாண்டி நிறுத்தி, லீவரை விட்டு, ஒரே முழு உதை. அண்ணன் உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது. நாங்கள் கைதட்டவும் இல்லை, அதற்குள் சத்தம் ஏறத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை விட்டும் ஏறியது. நான் நிறுத்தும் கேபிளை இழுத்தேன், எதுவும் நடக்கவில்லை. வெள்ளைப் புகை கறுப்பாகி, கடையே நடுங்கி, வண்டி நடு ஸ்டாண்டில் நின்றபடியே தரையில் நகர ஆரம்பித்தது. டீசல் இன்ஜின் கைமீறினால் சாவியைத் திருப்பிப் பயனில்லை, அணைக்கத் தீப்பொறி என்று ஒன்று இல்லையே. நான் பின்னால் ஓடினேன், உண்மையைச் சொல்கிறேன்.

அண்ணன் வலது காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, ஏர் ஃபில்ட்டர் இன்னும் மாட்டாத காற்று வாயில் வைத்து அழுத்தினார். இரண்டு நொடி. இருமிக்கொண்டு அணைந்தது. செருப்பில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு, "துணி வெச்சிருந்தா உள்ள இழுத்திருக்கும்" என்றார், அவ்வளவுதான்.

தப்பு எங்களுடையதுதான். பம்பின் உள்ளே ரேக் என்று ஒரு தண்டு இருக்கிறது, எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அதன் முனையில் இருக்கும் குமிழ், இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கவட்டைக்குள் உட்கார வேண்டும். பம்பை உள்ளே இறக்கும்போது அது கவட்டைக்கு வெளியே நின்றுவிட்டது, ரேக் முழுத் திறப்பில் மாட்டிக்கொண்டது. நேரம் சரிபார்க்கிறோம் என்று ஏழெட்டு முறை பம்பை ஏற்றி இறக்கியதில் கடைசி முறை பார்க்கத் தவறிவிட்டோம். இப்போதெல்லாம் பம்பை மாட்டியதும் கேபிளை ஆட்டி, உள்ளே ரேக் நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மறு நட்டு. பக்கத்தில் ஒரு சப்பைப் பலகையும் தயாராக இருக்கும்.

மறுநாள் சாதுவாக ஓடியது. ஐந்து நிமிடம் ஓடி நின்றது. மறுபடி பிடித்தது, ஐந்து நிமிடம், நின்றது. காற்று ஏறியிருக்கிறது என்று டீசல் குழாயின் பான்ஜோ போல்ட் இரண்டையும் தளர்த்திக் காற்று எடுத்தோம். செப்பு வாஷர்களை அடுப்பில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கித் திரும்ப மாட்டினோம். ஃபில்ட்டர் மாற்றினோம். மூன்று நாள் இதே ஐந்து நிமிடம். நான்காம் நாள் டீசல் அளவு பார்க்க மூடியைத் திறந்தேன், 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அன்று சொன்னேனே, மூடி. அதில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு காற்று ஓட்டை இருக்கும், நான் அழகாக மெரூன் பூசி அதை அடைத்துவிட்டிருந்தேன். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல் டேங்க் எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஒரு ஊசி எடுத்துக் குத்தினேன். அண்ணனிடம் காரணத்தைச் சொல்ல இரண்டு நாள் ஆனது.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் தலைவலி வருகிறது. வண்டி 1996 மாடல், 15 வருடப் பதிவு 2011இல் முடிந்தது. வின்டேஜ் வண்டி என்று பதியலாமே என்று சிலர் சொன்னார்கள். முடியாது. மோட்டார் வாகன விதிகளின் 2021 திருத்தப்படி முதல் பதிவுக்கு 50 வருடம் ஆன வண்டிதான் அதில் வரும், 'வி.ஏ.' எழுத்துள்ள தனி நம்பரும் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணமும் அதற்குத்தான். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டவும் கூடாது. என் வண்டிக்குச் சாதாரணப் புதுப்பிப்புத்தான் வழி, தாமதக் கட்டணத்தோடு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தால் எரிபொருள் இடத்தில் 'பெட்ரோல்' என்று இருக்கிறது. பழைய புத்தக ஆர்.சி.யில் கையெழுத்தில் 'டீசல்' என்று தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யாரோ, மோட்டார் சைக்கிளில் டீசல் எப்படி இருக்கும் என்று தாங்களே திருத்திவிட்டார்கள். அதை மறுபடி டீசல் ஆக்க நான்கு நடை. ஒருமுறை அதிகாரி கீழே இறங்கிவந்து, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நம்பினார்.

இப்போது ஓடுகிறது. தனி பாட்டிலில் ஒரு லிட்டர் டீசல் கட்டி, அது தீரும்வரை தாராபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், 71 கி.மீ. வேகம் 50ஐத் தாண்டினால் கைப்பிடியில் விரல்கள் மரத்துப்போகின்றன. சமதளத்தில் டவுன் பஸ் முந்திக்கொண்டு போகும். மேட்டில் மூன்றாம் கியரில் 'டொக்கு டொக்கு' என்று சலிக்காமல் ஏறும், அந்தச் சத்தத்துக்காகவே இவ்வளவும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும். பெட்ரோல் பங்கில் டீசல் என்று சொன்னால் பையன் இன்னொரு முறை கேட்பான். டேங்கில் 'டீசல்' என்று வெள்ளை பெயின்டில் எழுதி வைத்தும் கேட்கிறான்.

போன வாரம் தோப்புக்காரரிடம் வண்டியைக் காட்டக் கொண்டுபோனேன். மிச்சம் வாங்கிய இரண்டு தகடுகளைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். காரணத்தைச் சொன்னதும் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் தகடு என்ன விலைங்க?"

"ரெண்டும் சேர்த்து நாப்பது ரூபாய்ங்க."

தகட்டைத் திரும்பத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினார். உதைத்துப் பாருங்கள் என்று வண்டியை அவர் பக்கம் திருப்பினேன். இரண்டடி பின்னால் நகர்ந்து களத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "நீங்களே உதைங்க தம்பி. நான் இங்கிருந்தே பாத்துக்கறேன்."

ஒரே உதையில் பிடித்தது. அவர் காதைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டார். அப்போ இந்த அளவுக்கு இல்ல, இதைவிடக் கூடுதலா இடிக்கும் என்றார். டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் வழியில் வலது பக்கக் கண்ணாடி அதிர்வில் கழன்று விழுந்து உடைந்தது. இது மூன்றாவது. நம்பர் பிளேட் போல்ட்டும் ஒன்றைக் காணோம். அதிர்வில் கழலாத நைலாக் நட்டு ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.